படியும் படமும்

ஏலம் ஏலத்துக்கு வருகிறது, போடிநாயக்கனூரில். சொல் விளையாட்டு அன்று இது; அந்த ஊரின் அன்றாட நடப்பு. மேற்கு மலையின் சோலை நிழலிலே, செடியின் தூரடியில் சரஞ்சரமாய்க் காய்த்த காயைக் குனிந்து குனிந்து பறிக்கிறார்கள் பாட்டாளிப் பெண்கள். பறித்த காய் சூட்டறையிலே உலர்த்தப்பட்டு, சல்லடையிலே சலிக்கப்பட்டு, பருமன் பார்த்துத் தரம் பிரிக்கப்பட்டு, மூட்டையாகி, போடிமெட்டின் வளைவுகளிலே வளைந்து வளைந்து இறங்கி வருகிறது ஊருக்குள்.

ஒரு காலத்திலே கூவி விற்றார்கள். இன்றோ நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடத்திலே கூச்சல் இல்லை, கணினி இருக்கிறது. குவியலின் எண், எடை, கேட்கப்படும் விலை அத்தனையும் திரையிலே ஓடுகின்றன. பொத்தானைத் தட்டினால் விலை ஏறுகிறது. ஆனால் அந்தக் கூடத்துக்குச் சென்றிருந்தபோது ஒன்றைக் கவனித்தோம். கணினியின் முன் அமர்ந்துள்ள வணிகர் ஒவ்வொருவரிடமும், அந்தந்தக் குவியலிலிருந்து எடுத்த மாதிரிக் காய் வந்து சேர்கிறது. கையிலே எடுக்கிறார், உருட்டுகிறார், நிறம் பார்க்கிறார், உடைத்து முகர்கிறார், பிறகே விலை கேட்கிறார். எண் திரையிலே, காய் கையிலே! 'காய் எதற்கு, கணக்கே போதும்' என்று எந்த வணிகரும் சொல்லக் கேட்டோமில்லை.

காசு போட்டுக் காய் வாங்குபவருக்கு உள்ள அந்த எச்சரிக்கை, ஏடு காக்கப் புறப்பட்டுள்ள நமக்கு இருக்கிறதா? ஐயம் எழுந்தது நமக்கு. எழுந்த வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம்.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலே ஒரு படிப்பகம். அறுபது ஆண்டுகளுக்கு முன்னே, கூலி வாங்கிய கையோடு காசு சேர்த்து, கிழமை இதழ்களை வாங்கி, ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டு, பின்னர் கட்டிக் காத்து வைத்தனர் அவ்வூர்த் தோழர்கள். அவர்களிலே பலர் இன்று இல்லை. இதழ்கள் இருந்தன, பரணிலே. கரையான் தின்றது போக மிஞ்சியவை நான்கு சாக்கு. இளைஞர் சிலர் முன்வந்தனர். பக்கம் பக்கமாகக் கைப்பேசியிலே படமெடுத்தனர். எழுத்துணரி என்னும் கணினிக் கருவியிடம் படங்களைக் கொடுத்து எழுத்துக்களை மீட்டனர். இரவெல்லாம் கண்விழித்துப் பிழை திருத்தினர். இன்று அந்த இதழ்களிலே எந்தச் சொல் எங்கே வருகிறது என்று கேட்டால் நொடியிலே விடை! பாராட்டினோம், நெஞ்சாரப் பாராட்டினோம். அடுத்து அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் திடுக்கிட்டோம்.

"எழுத்து கிடைத்துவிட்டது அல்லவா, இடத்தை அடைக்கிறதே என்று இரண்டு சாக்கின் படங்களை அழித்துவிட்டோம். மற்றதையும் அழித்துவிட்டு, சாக்குகளை எடைக்குப் போட்டுவிடலாம் என்றிருக்கிறோம்."

சாக்கிலிருந்து ஓர் இதழை உருவினோம். அவர்கள் ஆக்கிய எழுத்துப்படியையும் எதிரே வைத்தோம். கட்டுரை, சொல் பிசகாமல் இருந்தது. ஆனால் தாளிலே, கட்டுரைக்குக் கீழே, பொடி எழுத்திலே ஒரு பட்டியல். படிப்பகக் கட்டட நிதிக்கு நன்கொடை தந்தோர் பெயர்கள். ஏலத்தோட்டத் தொழிலாளர்கள். கால் ரூபாய், அரை ரூபாய். சில பெயர்களுக்கு எதிரே காசு இல்லை. 'ஒரு நாள் உழைப்பு' என்றிருந்தது. எழுத்துப்படியிலே இந்தப் பட்டியல் இல்லை. ஏன் விட்டீர்கள் என்றோம். "கட்டுரைதானே இலக்கியம்? பட்டியல் யாருக்கு வேண்டும்?" என்றார் ஒரு தம்பி, கள்ளமில்லாமல்.

கட்டுரை எழுதியவரின் பெயரை நாடு அறியும். கால் ரூபாய் தந்தவரின் பெயர், உலகத்திலே அந்தத் தாள் ஒன்றிலேதான் இருக்கிறது. அதை வேண்டாததென்று ஒதுக்கும் உரிமையை யார் தந்தார்கள், அந்தத் தம்பிக்கோ நமக்கோ?

இங்கே இருப்பது கருவியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று, அறத்தைப் பற்றிய கேள்வி. எழுத்துப்படி என்பது ஒருவர் படித்துச் சொன்னது. படித்தவர் மனிதராயினும் எந்திரமாயினும், எதைக் கண்டார், எதை விட்டார், எதைத் திருத்தினார் என்பதெல்லாம் அதிலே கலந்தே இருக்கும். அது வாக்குமூலம். பக்கத்தின் படமோ, எதைப் பார்த்து அந்த வாக்குமூலம் தரப்பட்டதோ அதனைக் காட்டும் சான்று. சான்றை எரித்துவிட்டு வாக்குமூலத்தை மட்டும் வழக்குமன்றத்துக்கு அனுப்பினால் என்ன பொருள்? 'நான் சொல்கிறேன், நம்பு' என்பதுதானே! எவரெவரையெல்லாம் நோக்கி 'நம்பமாட்டோம், காட்டு' என்று கேட்டு வளர்ந்தோமோ, அவர்கள் பேச்சை நாமே நம் பேரப்பிள்ளைகளிடம் பேசுவதா?

சீற்றம் கொள்ளும் நண்பர்கள் உண்டு. "பழைய தாளுக்குப் பூசை போடச் சொல்கிறீரா? பல்லையும் எலும்பையும் பேழையிலே வைத்துப் பாலாபிடேகம் செய்வோரை எள்ளி நகையாடும் நாம், மங்கிய தாளின் மாசையும் மடிப்பையும் படமெடுத்துப் போற்றுவதா? சாறு எடுத்தபின் சக்கை எதற்கு?" என்று கேட்கின்றனர். கூரிய கேள்விதான். நேரிய விடை தந்தாக வேண்டும்.

சக்கை என்கிறார்களே, ஏலத்தைப் புழங்கும் எந்த இல்லத்திலும் கேட்டுப் பார்க்கட்டும். தோல் நீக்கிய ஏலரிசி டப்பியிலே கிடந்து விரைவிலே மணம் இழக்கும். தோலோடு கிடக்கும் காய் நெடுநாள் மணக்கும். உவமை வாதமாகாது, அறிவோம். வாதத்துக்கே வருவோம். பேழையிலுள்ள பல்லைச் சோதிக்க விடுவார்களா? மாட்டார்கள். கும்பிடலாம், கூர்ந்து பார்க்கக்கூடாது. பக்கப்படத்தையோ துருவிப் பார்ப்பதற்காகவே வைக்கிறோம். பெரிதாக்கிப் பார், எழுத்துப்படியோடு ஒட்டிப் பார், நாங்கள் தவறியிருந்தால் எங்களைத் திருத்து என்கிறோம். பூசைக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு.

இடைச்செருகல் என்ற சொல் நமக்குப் புதிதன்று. பழம்புராணங்களிலே முரணைக் காட்டியபோதெல்லாம், 'அது பின்னாளில் எவரோ செருகியது' என்று நழுவினர் அதன் காவலர். எது மூலம், எது செருகல் என்று காட்டு என்றால் காட்ட இயலவில்லை. படியெடுத்தவன் கையிலேயே மூலமும் மறைந்துவிட்டது. நமது ஏடுகளுக்கும் அந்தக் கதி நேர்ந்தால், நாளை ஒரு வஞ்சகன் நம் தலைவர்களின் கட்டுரையிலே ஒரு வரியைச் சேர்த்து இணையத்திலே உலவவிட்டால், எதைக் காட்டி மறுப்போம்? கணினியின் எழுத்திலே சேர்த்த வரிக்கும் பழைய வரிக்கும் மை வேறுபாடு இல்லையே!

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையரின் பணியை இங்கே நினைக்கத்தான் வேண்டும், கொள்கையிலே அவர் வேறு திசையினர் ஆயினும். ஓலையிலே பெரும்பாலும் புள்ளி இராது; குறிலா நெடிலா, காலா ரகரமா என்று தெரியாது. பதிப்பிப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தார் அவர், ஆனால் பிற சுவடிகளிலே கண்ட பாட வேறுபாடுகளையும் அடியிலே குறித்தார். ஓலைகளையும் எறிந்துவிடவில்லை. அவர் பெயரால் 1943இல் சென்னையிலே அமைந்த நூலகத்திலே அவர் திரட்டிய சுவடிகள் காக்கப்பட்டன. ஆகவேதான் அவருடைய பாடத்தை ஏற்காதவரும் ஓலையைப் பார்த்து வழக்காட முடிகிறது. பதிப்பாசிரியனின் நேர்மைக்கு அதுவே இலக்கணம் என்போம்.

எழுத்து ஒன்று, இலக்கம் ஒன்று மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பவரை, போடியிலிருந்து விடியற்காலை புறப்படும் ஜீப்பிலே ஏற்றி மலைக்கு அனுப்ப விரும்புகிறோம். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் தமிழ்ப் பாட்டாளிகள் நெருக்கியடித்து ஏறிச் செல்லும் அந்தத் தோட்டங்கள் உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் வட்டாரங்களைச் சேர்ந்தவை. 1956இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது தமிழகமெங்கும் ஒலித்த பெயர்கள்! அங்கேதான் இருக்கிறது ஏலமலைக் காப்புக்காடு. அதன் பரப்பு எவ்வளவு? திருவிதாங்கூர் அரசு 1897 ஆகஸ்ட் 24 நாளிட்டு வெளியிட்ட அறிவிக்கையைக் காட்டுகிறார்கள். 15,720 ஏக்கர் என்கிறது ஒரு தரப்பு. 2,15,720 ஏக்கர் என்கிறது மறு தரப்பு.

முன்னாலே நிற்கும் ஒரே ஓர் இரண்டு! அந்த ஒற்றை இலக்கத்தின் எடை இரண்டு இலட்சம் ஏக்கர். காடு என்றால் ஒரு சட்டம், வருவாய் நிலம் என்றால் வேறு சட்டம். பட்டா உண்டா இல்லையா, வீடு கட்டலாமா கூடாதா, மரம் நிற்குமா வீழுமா, மலையடிவாரத்துக்கு மழையும் ஊற்றும் மிஞ்சுமா என்பதெல்லாம் அந்த ஓர் இலக்கத்தைச் சுற்றிச் சுழல்கின்றன. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2024 அக்டோபரில் புதிய பட்டா வழங்க அம்மன்றம் தடை விதித்தது.

எது சரி என்று தீர்ப்பளிக்க நாம் புகவில்லை. வாழ்வாதாரம் ஒருபுறம், வனம் ஒருபுறம். இரண்டும் நமக்கு வேண்டியவையே. நாம் கேட்பது இது: அந்த அறிவிக்கையை ஒருவர் எழுத்துப்படியாக மட்டும் ஆவணக்களரியிலே வைப்பதாகக் கொள்வோம். எந்த எண்ணைத் தட்டுவார்? எதைத் தட்டினாலும் அவரே தீர்ப்பு எழுதியவராகிறார்! தட்டச்சுப் பலகையிலே எல்லா இலக்கமும் ஒரே அளவு, ஒரே கருமை. தாளின் படத்திலேயோ, இலக்கத்தின் பருமன் தெரியும். காற்புள்ளியின் இடம் தெரியும். எழுத்துக்கிடையே நெருக்கம் தெரியும். பின்னர் ஒரு கை தொட்டிருந்தால் அதன் தடமும் ஓரளவு தெரியும். வழக்காடுவோர் இருவரும் உற்றுப் பார்ப்பதற்கு ஒரு பொருள் இருக்கும்.

எண்ணைப் பற்றிய பேச்சு வந்ததால் சற்றே சிரிப்பூட்டும் செய்தி ஒன்று. பழைய வணிகர்களின் கணக்கேடுகளிலே தமிழ் எண்களே ஆட்சி செய்தன. ௧௫ என்று எழுதினால் பதினைந்து. அதை எழுத்துணரியிடம் காட்டினால், 'கரு' என்று படித்துவிடக்கூடும். பதினைந்து மூட்டை ஏலம், கரு மூட்டை ஏலமாகிவிடும்! ஏட்டின் தலையிலே பழக்கத்தால் போட்ட பிள்ளையார் சுழி இருக்கிறதே, அதன் வடிவமும் தமிழ் இரண்டின் வடிவமும் ஒன்றே. எந்திரத்துக்குப் பக்தியும் இல்லை, பகுத்தறிவும் இல்லை. சுழியை எண்ணாக்கும், எண்ணைச் சொல்லாக்கும்; சற்றும் நாணாது. பக்கத்திலேயே படம் இருந்தால் பள்ளிப்பிள்ளையும் திருத்திவிடும். இல்லையேல், கரு மூட்டை என்பது எத்தனை படி என்று ஆராய்ந்து ஒருவர் முனைவர் பட்டமே வாங்கிவிடலாம்!

இதைவிட நம்மை நெருக்கமாகத் தொடும் சான்று ஒன்று உண்டு, நமது இயக்கத்தின் வரலாற்றிலேயே. 1925இல் ஈரோட்டிலே 'குடி அரசு' ஏட்டைத் தொடங்கிய பெரியார், 1935இல் அதன் பக்கங்களிலே எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொணர்ந்தார். ஆணை வரும்வரை காத்திருக்கவில்லை. அறிஞர் குழு கூடட்டும் என்று ஒத்திப்போடவில்லை. ணகர, றகர, னகரங்கள் கால் பெறும்போது தனி வடிவம் கொண்டு சுருண்டு கிடந்தன. ண, ல, ள, ன ஆகியவை ஐகாரம் ஏறும்போது யானை துதிக்கையைத் தூக்கியது போன்ற கொம்பு முளைத்து நின்றன. ஏனைய எழுத்துக்களுக்கு உள்ள பொதுக்காலும் பொதுக்குறியும் இவற்றுக்கு மட்டும் ஏன் ஆகாது என்று கேட்டார். பதின்மூன்று எழுத்துக்கள் நேராயின. தமிழக அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல், நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து! அந்த நாற்பத்து மூன்று ஆண்டும், ஒரு பக்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், அது எந்த அணியின் ஏடு என்று. எழுத்தின் உருவமே கொடியாகப் பறந்தது.

இனி அந்தப் பக்கங்களை எழுத்துப்படியாக்குங்கள். கணினி உலகின் பொதுக் குறியேற்றமான ஒருங்குறி, எழுத்து இன்னதென்று மட்டும் குறித்துக்கொள்ளும்; அச்சிலே அது எந்த வடிவிலே நின்றது என்பதைக் குறிக்காது. பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் அங்கே குறியீடு ஒன்றே. ஆக, 1932ஆம் ஆண்டு இதழும் 1936ஆம் ஆண்டு இதழும் எழுத்துப்படியிலே ஒரே முகத்தோடு வந்து நிற்கும். புரட்சி நடந்ததற்கான தடயமே இராது! எதிரி அழிக்கவில்லை, எரிக்கவில்லை. ஏட்டைக் காக்கப் புறப்பட்ட நம் கையாலேயே, ஓசையின்றி, எழுத்துப் புரட்சி எழுத்திலிருந்தே துடைக்கப்பட்டுவிடும். எழுத்துச் சீர்திருத்தம் பற்றிய கட்டுரை தேடுபவருக்குக் கிடைக்கும்; சீர்திருந்திய எழுத்து கிடைக்காது.

இன்னும் கேளுங்கள். ஐகாரத்துக்கு மாற்றாக 'அய்' என்று எழுதியதை அரசாணை ஏற்கவில்லை; ஏடுகளிலோ அது நிலைத்திருக்கிறது. மெய்ப்புப் பார்க்கும் நல்லவர் ஒருவர், 'அய்யா' என்பதைப் பிழை என்று கருதி 'ஐயா' என்று திருத்திவிட்டால்? திருத்தினோம் என்ற நிறைவோடு அவர் உறங்கப் போவார், ஒரு கொள்கையை அழித்தோம் என்பதை அறியாமலே. திருத்தாமல் விட்டால், 'ஐயா' என்று தேடுபவர் கண்ணுக்கு அது அகப்படாது. இரண்டு வடிவிலும் தேடக்கிடைக்கும்படி எழுத்துப்படியை அமைக்கலாம், தவறில்லை. தாளிலே எது இருந்தது என்பதற்குப் படம் பக்கத்திலே நிற்குமானால்.

'குடி அரசு' முகப்பையே பாருங்கள். தொடக்க ஆண்டுகளிலே ஆசிரியர் பெயரோடு சாதிப்பட்டமும் அச்சாகியிருந்தது. 1927 டிசம்பரிலே அது மறைந்தது. 1929இல் செங்கற்பட்டு மாநாடு சாதிப்பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்ததற்கு முன்பே நடந்த நிகழ்ச்சி அது. அதைக் காட்டுவது எந்தக் கட்டுரை? முகப்புத்தான். கட்டுரைகளை மட்டும் தட்டச்சு செய்து வைப்பவரிடம் முகப்பு இராது. இயக்கத்தைப் போற்றுபவர் சிலர், 'முதலிலே பட்டம் இருந்தது என்பதை ஏன் காட்ட வேண்டும்' என்று எண்ணவும் கூடும். காட்டத்தான் வேண்டும்! பிறந்தபோதே முழுமையாய்ப் பிறந்தவர் என்று சொல்வது புராணிகர் வேலை. சுமந்திருந்ததை உணர்ந்து ஒருநாள் இறக்கி வைத்தார் என்பதுதான் மனிதனின் வரலாறு. நமக்குச் சங்கடம் தரும் பக்கத்தையும் சிதையாமல் காப்பவரிடம் மட்டுமே, நமக்குப் பெருமை தரும் பக்கத்தையும் நம்பி ஒப்படைக்க முடியும்.

எழுத்தின் உருவம் அரசியலையே ஆட்டியதுண்டு. பாகிஸ்தானிலே 2017இல் பிரதமர் நவாஸ் ஷெரீபின் குடும்பச் சொத்து பற்றிய விசாரணை. 2006 என்று நாளிட்ட ஆவணம் ஒன்று காட்டப்பட்டது. அது அச்சிடப்பட்டிருந்த 'காலிப்ரி' எழுத்துரு 2007இல்தான் பொது விற்பனைக்கு வந்தது என்பதைச் சுட்டி ஐயம் எழுப்பினர் விசாரணைக் குழுவினர். வாசகத்தை மட்டும் தட்டச்சு செய்து வைத்திருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திராது.

படம் இருந்தால் போதும், எழுத்துப்படி வேண்டாம் என்கிறோமா? இல்லை, இல்லவே இல்லை. படம் மட்டும் என்பது மடத்துப் பெட்டியிலே பூட்டி வைத்த சுவடிக்கு ஒப்பு. பத்தாயிரம் பக்கப் படங்களைப் புரட்டிப் பார்க்க ஓய்வும் ஊதியமும் உள்ளவர் எத்தனை பேர்? பகலெல்லாம் மலையிலே காய் பறித்து இரவிலே கைப்பேசி எடுக்கும் பெண்ணுக்கு, தன் ஊர்ப்பெயரைத் தட்டினால் அந்தப் பக்கம் வந்து நிற்க வேண்டும். கண்பார்வையற்ற தோழருக்குப் படம் ஊமை. எழுத்துப்படி இருந்தால் எந்திரம் வாய்விட்டுப் படித்துக் காட்டும். எட்டாதிருந்த கல்வியை எட்டவைப்பது எழுத்துப்படி. எட்டியது மெய்தானா என்று பார்க்கவைப்பது படம். ஒன்றைத் தந்து மற்றதைப் பறிப்பது எந்த வகை நீதி?

இரண்டையும் இணைக்கும் வழி கற்பனையிலே இல்லை, கண்ணெதிரே நடக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திலே, உலகெங்கும் சிதறிக் கிடக்கும் தமிழர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து நூல்களை இணையத்திலே ஏற்றினர். எழுத்துப்படியின் பயனை நாட்டுக்கு உணர்த்திய பெரும்பணி. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் சென்னையிலே எழுந்த ஆராய்ச்சி நூலகம், பக்கங்களை நுண்படச் சுருளிலே பதித்துக் காத்தது. 1981 ஜூனில் யாழ்ப்பாண நூலகத்தின் 97,000 அளவிலான நூல்கள் கொளுத்தப்பட்ட கொடுமையை அறிந்த ஈழத்தமிழர், 2005இல் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணையத் திட்டம் தொடங்கிப் பக்கங்களை ஸ்கேன் செய்து அடுக்கினர். மூலத்தாள் சாம்பலானாலும் முகம் மிஞ்ச வேண்டும் என்று. இவற்றையெல்லாம் அடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமை நூல்கள் ஏறத்தாழ ஈராயிரத்தின் பக்கப்படங்களைத் தமிழ் விக்கிமூலத்துக்கு அளித்தது. அங்கே சென்று பாருங்கள். ஒருபுறம் தாளின் படம், மறுபுறம் எழுத்துப்படி. யாரும் திருத்தலாம், திருத்தியவர் எதைத் திருத்தினார் என்பதும் பதிவாகும், ஏற்காதவர் படத்தைக் காட்டி மறுக்கலாம். போடி ஏலக்கூடம்தான், வேறென்ன! எண் திரையிலே, காய் கையிலே.

படமும் பொய் சொல்லாதா என்று கேட்பவர் இருந்தால், அவரைத்தான் நாம் மிகவும் மதிக்கிறோம். சொல்லும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி வல்லுநர் ஒரு வினோதத்தைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில கருவிகளிலே கட்டட வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்தபோது, அறைகளின் பரப்பளவு எண்களே மாறிவிட்டன! படத்தின் அளவைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோல் தோன்றும் துண்டுகளுக்கு ஒரே அச்சைப் பயன்படுத்தியது கருவி. ஆறு, எட்டாகிவிட்டது, மங்கலாக அன்று, தெளிவாக, அழகாக, ஐயமே எழாதபடி. நிறுவனம் பின்னர் திருத்தம் வெளியிட்டது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: 15,720ஆ 2,15,720ஆ என்று மக்கள் மோதும் நாட்டிலே அப்படிப்பட்ட கருவி ஒன்று போதாதா! ஆகவே, இடம் மிச்சம் என்று படத்தைக் கசக்கிச் சுருக்காமல், இழப்பில்லாத வடிவிலே, வண்ணத்தோடு, அங்குலத்துக்கு 300 புள்ளிக்குக் குறையாமல் எடுத்து மூலப்படமாக வைக்க வேண்டும். பார்ப்பதற்குச் சிறுபடம் தனியே இருக்கட்டும். அட்டை, விளம்பரம், பின்னட்டை, கிழிந்த மூலை எதையும் விடலாகாது. ஓரிடத்திலே வைத்தால் ஒரு தீயிலே போகும். வெவ்வேறு ஊர்களிலே வைக்க வேண்டும். படம் எடுத்தாயிற்று என்பதாலே தாளை எடைக்குப் போடவும் கூடாது. கருவி பொய் சொன்னதைக் கிரீசல் எப்படிக் கண்டார்? மூலத்தாள் அவர் கையிலே இருந்ததாலே!

இடம் அடைக்கிறது என்பதுதானே தம்பியரின் குறை? நான்கு சாக்கு இதழ்களின் படங்களைத் தாங்கும் வன்தட்டு, மேடை போட்டு ஒலிபெருக்கி கட்டும் ஒரு கூட்டத்தின் செலவைவிடக் குறைவு. கணக்குப் பார்த்துச் சொன்னோம். ஒப்புக்கொண்டனர்.

எடைக்குப் போவதிலிருந்து தப்பின சாக்குகள். படம் அழிந்த இரண்டு சாக்கையும் முதலிலிருந்து எடுப்பது என்று முடிவாகியுள்ளது. கைப்பேசி வேண்டாம் என்று சொல்லி, மதுரையிலிருந்து ஸ்கேன் கருவி ஒன்றை வாடகைக்குக் கொணர்ந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலையிலே வேலை நடக்கிறது. ஒருவர் தாளைத் தூசு தட்டி விரிக்கிறார், ஒருவர் படமெடுக்கிறார், ஒருவர் எழுத்துப்படியை எதிரே வைத்து ஒப்பிடுகிறார். முதல் ஞாயிறன்று அந்த நன்கொடைப் பட்டியல் திரையிலே பெரிதாக விரிந்தபோது, 'பட்டியல் யாருக்கு வேண்டும்' என்று கேட்ட தம்பியே அதைத் தட்டச்சு செய்தார். நடுவிலே ஒரு பெயரிடத்து நின்றுவிட்டார். அவருடைய தெருவின் பெயர், பாட்டனாரின் பெயர், எதிரே 'ஒரு நாள் உழைப்பு'. அந்த வரியின் ஓர் எழுத்தைக் கரையான் தின்றிருந்தது. 'ரா'வா 'நா'வா என்று இன்னும் முடிவாகவில்லை. வீட்டிலே பழைய பத்திரம் இருந்தால் பார்த்து வருகிறேன் என்று போயிருக்கிறார். அதுவரை எழுத்துப்படியிலே அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது, பக்கத்திலே, படம்.